பிடி அரிசிக் கடன்



இன்றைய பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் நன்றி. நன்றி என்று சொன்னவுடன் மேடையும் மாலையும் பொன்னாடையும் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவதோ மேடைக்கு வராத, மாலை வாங்காத சிலருக்குச் சேரவேண்டிய நன்றியைப் பற்றி.

செகிஞ்சான், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று நம் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும். சில தோட்டங்களில் சற்றுத் தள்ளி ஒரு சிறு ஜெபவீடும் இருக்கும். எப்போதாவது அந்த ஜெபவீட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளை, “நான் ஊழியத்துக்குப் படிக்கப் போகிறேன்” என்று புறப்படும். கத்தோலிக்கர் வீட்டுப் பிள்ளையானால் குருமடத்துக்குப் போகும். மற்றச் சபைப் பிள்ளையானால் இறையியல் கல்லூரிக்குப் போகும்.

குருமடம் என்றால் நம் நாட்டில் பினாங்கில் உள்ளது மிகப் பழையது. அது 1808 முதல் அங்கே நடந்துவருகிறது. மற்றச் சபைப் பிள்ளைகள் முன்னாளில் 1948இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டிரினிட்டி கல்லூரிக்கோ தமிழ்நாட்டுக்கோ பெங்களூருக்கோ போனார்கள். 1979இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் கூடிச் செமினாரி தியோலோஜி மலேசியாவைத் தொடங்கின. அது இப்போது சிரம்பானில் இருக்கிறது.

எங்கே படித்தாலும் படிப்பு சில ஆண்டுகள் நீளும். அந்த ஆண்டுகளில் சம்பளம் இல்லை. சாப்பாடு, புத்தகம், துணிமணி, பஸ் காசு எல்லாம் யாரோ கொடுத்தாக வேண்டும். படிப்பு முடிந்ததும் சான்றிதழில் ஒரே ஒரு பெயர்தான் அச்சாகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை.

நேயர்களில் பெரும்பாலோர் சைவர்களும் வைணவர்களுமாக இருப்பீர்கள். “இது கிறிஸ்தவர்கள் காரியம், நமக்கென்ன?” என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் இதை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. டாக்டர் படிப்புக்கோ வக்கீல் படிப்புக்கோ உதவுகிறவருக்கு, “நாளைக்கு இந்தப் பிள்ளை சம்பாதிக்கும், நம்மையும் கொஞ்சம் பார்க்கும்” என்ற எண்ணம் மனத்தின் ஒரு மூலையில் இருக்கலாம். அதில் குற்றமுமில்லை. ஊழியத்துக்குப் போகிற பிள்ளை பெரும்பணம் சம்பாதிக்கப் போவதில்லை. உதவியவர் இருக்கும் ஊருக்கே அது வேலைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை. திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கிற கொடை இது. இப்படிப்பட்ட கொடைக்கு நன்றி செலுத்துவது எப்படி என்பதுதான் நம் கேள்வி. இதற்கு விடை கிடைத்தால் அது எல்லா வீட்டுக்கும் பயன்படும்.

விடை தேடி, யாழ்ப்பாணத்துக்குப் போய் வருவோம்.

அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் டானியல் பூவர். மறு ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. வட்டுக்கோட்டையில் தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாத்திரம் எல்லாம் கற்பித்தார்கள். உள்ளூரில் போதகரையும் ஆசிரியரையும் உண்டாக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை யார் கொடுத்தார்கள்? கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் கிராமத்துச் சபைகளும் மாதர் சங்கங்களும் தனி வீட்டாரும் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொள்வார். அவர் குறிப்பிடும் பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டுவார்கள். சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். நன்றிக்கடனை நாள்தோறும் தம் பெயரிலேயே சுமந்தார்கள் என்று சொல்லலாம்.

கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். அதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் தாயும் தந்தையும் இட்ட பெயரை ஒதுக்கிவிட்டு, கொடுத்தவர் சொன்ன பெயரைச் சுமப்பது சுலபமான நன்றியன்று. காலப்போக்கில் அவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்றே இன்று நாம் அவர்களை அறிகிறோம்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடிவிட்டார்கள். ஏன்? ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். ஊழியத்துக்கு வந்தவர்கள் சிலரே. கொடுத்தவர்கள் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார்களோ அது நிறைவேறவில்லை என்பது மேலிடத்தின் முடிவு.

அப்படியானால் அந்தப் பணம் வீணா? நம் தோட்டங்களிலும் இந்தக் கேள்வி எழுவது உண்டு. ஊழியத்துக்கென்று படிக்கப்போன பிள்ளை பாதியில் திரும்பிவிட்டால், அல்லது படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், “நம் காசெல்லாம் போச்சு” என்று பேசுகிறோம். அந்தப் பிள்ளை கடைத்தெருவில் நம்மைக் கண்டால் தலை குனிந்து போகிறது.

வட்டுக்கோட்டையில் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ என்னும் இதழை நடத்தியவர்கள் அங்கே படித்தவர்கள். பின்னாளில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையும் அதன் ஆசிரியராக இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து, 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலை வெளியிட்டவரும் அவரே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் தருக்க நூல் எழுதினார். 1857இல் ஏற்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று போற்றப்படும் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகவே வாழ்ந்தார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடியிலிருந்து எடுத்து அச்சிட்ட பெருமை அவருக்கு உண்டு. எங்கோ ஓர் அமெரிக்கக் கிராமத்தில் துணி தைத்தும் வெண்ணெய் விற்றும் வாழ்ந்தவர்களின் காசு நம் சங்க நூல் அச்சேறுவதற்கும் ஒரு படியாக இருந்தது. கொடுத்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மூடிய பள்ளி மூடியதாகவே போய்விடவும் இல்லை. பழைய மாணவர்களும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் முயன்றதன் பயனாக, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. முன்பு வாங்கி உண்டவர்கள் இப்போது கொடுக்கிறவர்களாக ஆனார்கள். அதோடு நில்லாமல், யாழ்ப்பாணத்துச் சபைகள் தங்கள் காசிலேயே ஊழியர்களைக் கடல் தாண்டி அனுப்பவும் தொடங்கின.

இதை ஒருவர் நேரில் பார்த்தார். அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, இவ்வளவு சிறிய சபை தன் பிள்ளைகளை வெளியூர் ஊழியத்துக்கு அனுப்பித் தாங்குவதைக் கண்டார். நம் திருநெல்வேலிச் சபை எத்தனை பெரியது, நாம் ஏன் இதைச் செய்யவில்லை என்று அவர் மனம் சுட்டது. ஊர் திரும்பி, நண்பர்களோடு கூடி, 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. பனங்காட்டிலும் வயற்காட்டிலும் உழைத்தவர்களின் காணிக்கையைக் கொண்டு, தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் என்னும் இடத்தில் பணி தொடங்கியது.

1909இல் அசரியாவே அங்கு போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். அவருடைய மக்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள், ஒடுக்கப்பட்ட சாதியார். அவர்களிடம் காணிக்கைக்குப் பணம் ஏது? ஆகவே வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியோ தானியமோ எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அது சபைக்குப் போனது. ஊர்களுக்குப் போகும் போதகரும் உபதேசியாரும் அந்தப் பிடி அரிசியால் தாங்கப்பட்டார்கள்.

வடகிழக்கு இந்தியாவில் மிசோரம் மலைநாட்டிலும் 1910ஆம் ஆண்டுவாக்கில் பெண்கள் இதே வழக்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் அது வேதாகமப் பெண்கள் எனப்பட்ட ஊழியப் பெண்களைத் தாங்கவே பயன்பட்டது. இன்றும் அங்கே வீடுதோறும் அந்தப் பிடி அரிசி எடுக்கப்படுகிறது. அந்த அரிசியை விற்று வரும் பணம் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஆகிறது.

கத்தோலிக்கரிடையிலும் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். பிரான்சு நாட்டில் கான் என்னும் ஊரைச் சேர்ந்த ஸ்டெபனி பிகார், அவர் மகள் ஜான் பிகார் ஆகியோரே அவர்கள். ஜப்பானில் நாகசாகி ஆயர் 1889இல் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குருத்துவப் படிப்புக்கு வரும் இளைஞர்களைப் பணமில்லாமல் திருப்பி அனுப்பவேண்டி வருகிறது என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தால் உந்தப்பட்டு அவர்கள் வீடு வீடாகச் சிறுதொகை திரட்டத் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் புனித பேதுரு சபை என்னும் உலக அமைப்பாக வளர்ந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குருமட மாணவர்களுக்கு அது இன்றும் உதவுகிறது.

யாழ்ப்பாணத்தில் கொடுத்தவர் பெயர் பிள்ளையின் மேல் எழுதப்பட்டது. தோர்னக்கல்லிலோ மிசோரத்திலோ எந்தப் பானையிலிருந்து எந்தப் பிடி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பெயரே இல்லாத கொடை அது.

பிடி அரிசிக்கு அவ்வளவு பலம் உண்டா என்று கேட்பீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்து மனிதர்கள். ஆகவே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளும் தாளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிடி அரிசி 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு வேளை எடுத்தால் 80 கிராம். ஆண்டுக்கு 365 நாளில் ஏறக்குறைய 29 கிலோ. இருபது வீடு கொண்ட ஒரு லயத்தில் எல்லாரும் எடுத்தால் 580 கிலோவுக்கு மேல் வரும். படிக்கிற பிள்ளை ஒன்று நாளுக்கு 400 கிராம் அரிசி உண்டால் ஆண்டுக்கு 146 கிலோ வேண்டும். ஆக, இருபது வீட்டுப் பிடி அரிசி நான்கு பிள்ளைகளின் ஓராண்டுச் சோற்றுக்குப் போதும். எந்த வீட்டிலும் அன்றைய சோற்றுப் பானை குறைந்ததாகத் தெரியாது. சிறு துளி பெருவெள்ளம் என்பதை வெறும் பழமொழியாகச் சொல்லிப் போகிறோம், கணக்காகவும் அது சரிதான்.

நம் மக்களுக்கு இது புதிதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்றார். பால்மரம் வெட்டிய கைகள் அந்த வெள்ளியைக் கொடுத்தன. கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்? அங்கே தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய ஒவ்வொருவரின் பின்னாலும் அந்த ஒரு வெள்ளி நிற்கிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பெயர் தெரியாத இத்தனை பேருக்கு ஒரு மாணவன் எப்படி நன்றி செலுத்துவது?

நம் செகிஞ்சான் வயல்களே விடை சொல்கின்றன. அங்கே நிற்கும் நெல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெர்ணம் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து பெரிய வாய்க்காலில் இறங்கி, பாத்தி பாத்தியாகப் பாய்கிறது. வயல்காரர் எவரும் தண்ணீரைத் திரும்ப ஆற்றுக்கே கொண்டுபோய் ஊற்றி நன்றி சொல்வதில்லை. தன் பாத்தி நிறைந்ததும் மடையைத் திறந்து கீழ் வயலுக்கு விடுகிறார். அதுதான் முறை. தன் வயலோடு மடையை அடைத்துக்கொண்டால் கீழே காய்ந்துபோகும்.

அமெரிக்கக் கிராமத்திலிருந்து வந்த உதவியை யாழ்ப்பாணம் அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைத் தன் பிள்ளைகளுக்கும் கடல் கடந்த ஊருக்கும் கொடுத்தது. யாழ்ப்பாணத்தைப் பார்த்துத் திருநெல்வேலி கற்றுக்கொண்டு தோர்னக்கல்லுக்குக் கொடுத்தது. தோர்னக்கல்லின் ஏழைப் பெண்கள் தங்கள் பானையிலிருந்து அடுத்த ஊருக்குக் கொடுத்தார்கள். அந்த வாய்க்காலின் ஒரு கிளை நம் நாட்டுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கிராணிகளாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்தவர்கள் பலர். நம் மெதடிஸ்ட் தமிழ்ச் சபைகளின் தொடக்கப் பணியாளர்களிலும் யாழ்ப்பாணத்தவர் இருந்தார்கள். லுத்தரன் சபைக்கோ தமிழ்நாட்டிலிருந்து போதகர்கள் வந்தார்கள். அவர்களைப் படிக்கவைத்த கைகளும் நமக்குத் தெரியாத கைகள்தாம். பெற்ற கடனை முன்னே கொடுப்பதுதான் இந்த வகைக் கடனை அடைக்கும் வழி.

இதிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு கடிதமாவது எழுதுங்கள். என்ன படித்தோம், எவ்வளவு செலவாயிற்று, எங்கே இடறுகிறோம் என்று எளிய தமிழில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பிறர் வாசித்துக் காட்டும்போது அது புரியவேண்டும். விடுமுறையில் வந்தால் மேடை தேடாமல் வீடுகளைத் தேடிப் போங்கள். மதுரை அரசரடியில் 1969இல் ஏற்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், மாணவர்கள் படிப்புக் காலத்தில் ஒரு பகுதியைக் கல்லூரிக்கு வெளியே ஏழை மக்கள் நடுவே தங்கிக் கழிக்கும் முறை ஏற்பட்டது. யாருடைய அரிசியை உண்கிறோம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. படித்து முடித்த பின், உங்களுக்கு அடுத்து வரும் ஒரு பிள்ளைக்கு உங்கள் முதல் சம்பளத்திலிருந்தே ஒரு பிடி எடுத்து வையுங்கள்.

கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். ஊழியத்துக்குப் போன பிள்ளை அது தனக்கு ஏற்ற வழியன்று என்று கண்டு திரும்பி வந்தால், அதைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். தாமோதரம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். விதைத்தவர் நினைத்த இடத்திலேயே எல்லா விதையும் முளைப்பதில்லை. கடன் வாங்கியும் கொடுக்காதீர்கள். ஒரு பிடி என்பது பானையிலிருந்து எடுப்பது, செட்டியார் கடையிலிருந்து எடுப்பதன்று.

கடைசியாக, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. மகன் படிக்கப் போனான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்கிறோம். அவன் போனதால் வீட்டு வேலை யார் தலையில் விழுந்தது? தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள யார் பள்ளியை விட்டு நின்றது? பல வீடுகளில் அது அக்காவோ தங்கையோதான். வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோர்னக்கல் பெண் தன் கையால் தானே அள்ளிப் போட்டாள். இந்தப் பெண்ணைக் கேட்டு யாரும் எடுக்கவில்லை. கேட்காமல் எடுப்பதற்குக் கொடை என்று பெயரில்லை. ஊழியத்துக்குப் படிக்கும் பிள்ளை தன் நன்றியைத் தொடங்கவேண்டிய இடம் அதுதான். “என் படிப்பு முடியும் வரை காத்திரு” என்று சொல்லாமல், “நீ இன்றே பள்ளிக்குப் போ, என் செலவைக் குறைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லட்டும். வட்டுக்கோட்டைக்கு மறு ஆண்டே உடுவிலும் எழுந்தது என்பதை மறக்கவேண்டாம்.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். தோட்டத்திலேயே இருக்கும் நேயர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்ட நேயர்களும், நாளை உலை வைக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். எந்தச் சமயமானாலும் சரி. உங்கள் பிள்ளைக்காகவோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவோ ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். மாதம் முடிந்ததும் அது எவ்வளவு ஆயிற்று என்று பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யார் வீட்டுப் படிப்புக்கு அது போகவேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் வீட்டுப் பெண்பிள்ளையின் குரலும் கேட்கட்டும்.